மருந்தும் மயக்கமும்

மாத்திரை அட்டை ஒன்றை வாங்கியதும் நாம் அதன் பெயரையும் விலையையும் பார்க்கின்றோம். காலாவதி நாளைப் பார்ப்போரும் உளர். அதன் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள சிறு குறியைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. அக்குறி அழகுக்காக இடப்பட்டதன்று. அரசு நமக்கு விடுக்கும் எச்சரிக்கை அது. எந்த மருந்து மனிதனை எவ்வளவு எளிதில் அடிமைப்படுத்தும் என்பதை அளந்தறிந்து, அரசுகள் மருந்துகளை வகைப்படுத்துகின்றன. அவ்வகைப்பாடு எவ்வாறு அமைகின்றது, அதன் அளவு பிறழ்ந்தால் என்ன நேரும் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

வகைப்பாட்டின் அடிப்படை ஒரு துலாக்கோல் எனலாம். ஒரு தட்டில் மருந்தின் மருத்துவப் பயன். மறுதட்டில் அது தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு. உளத்தின்மீது செயற்படும் பொருள்கள் குறித்து 1971-இல் உருவான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, இம்முறையில் நான்கு அட்டவணைகளை வகுத்தது. பயன் மிகக் குறைந்து தீங்கு மிகுந்த எல்.எஸ்.டி. போன்றவை முதல் அட்டவணையில் இடம்பெற்றன. பயன் மிகுந்து தீங்கு ஒப்பீட்டளவில் குறைந்த டயசிபாம் போன்றவை நான்காம் அட்டவணையில் உள்ளன. அமெரிக்க நாடு 1970-இல் இயற்றிய சட்டமோ ஐந்து அட்டவணைகளைக் கொண்டது. எண்ணிக்கை வேறாயினும் எடைபோடும் முறை ஏறத்தாழ ஒன்றே.

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இப்பணியைச் செய்கின்றன. 'எச்' அட்டவணை மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையில் அல்பிரசோலம், டயசிபாம், கோடீன், டிரமடால் முதலியன உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும், விற்ற அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். 'எக்ஸ்' அட்டவணையின் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. மெத்தில்பெனிடேட், கெட்டமின் போன்றவற்றுக்கு மருத்துவர் இரு படிகளாகச் சீட்டு எழுதவேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் ஈராண்டுகள் வைத்திருக்கவேண்டும். மருந்தோ பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். அட்டையின் மீதுள்ள 'ஆர்எக்ஸ்', 'என்ஆர்எக்ஸ்', 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்னும் குறிகள் இவ்வேறுபாடுகளையே உணர்த்துகின்றன.

இவ்வகைப்பாடு கல்மேல் எழுத்தன்று. டிரமடால் என்னும் வலிநீக்கி போதைக்காகப் பரவலாகப் பயன்படுத்தப்படுவது தெரியவந்ததும், 2018-இல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. மருந்து மாறவில்லை, அதனை மனிதர் கையாண்ட முறையே மாறிற்று.

கட்டுப்பாடு தளர்ந்தால் இளைஞர் அழிவர் என்பதை யாவரும் அறிவோம். அது எல்லை கடந்து இறுகினாலும் கேடே விளையும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1985-இல் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டம் கடும் தண்டனைகளை விதித்தது. மார்பின் வைத்திருக்க மருத்துவமனைகள் மாநில அரசுகளிடம் பல உரிமங்களைப் பெறவேண்டியதாயிற்று. உரிமம் ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும் நிலையும் இருந்தது. சிக்கலுக்கு அஞ்சிய மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்பினையே கைவிட்டன. நாடு முழுவதும் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்பின் 1997-இல் ஏறத்தாழ 18 கிலோ அளவுக்குச் சுருங்கிற்று. அபினி விளையும் நாட்டிலேயே, புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் துடித்தோர்க்கு வலிதணிக்கும் மருந்து கிட்டவில்லை. அவர்களுள் எவரும் போதையை நாடியவர் அல்லர். சிறிது உறக்கத்தை நாடியவர்கள்.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புப் பேணல் பணி, முறையான கண்காணிப்பு இருந்தால் மார்பினை நோயாளியின் இல்லத்திலேயே பாதுகாப்பாக வழங்கலாம் என்பதைச் செய்து காட்டியது. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாப் போதை மருந்துகள் என 2015-இல் அறிவிக்கப்பட்டன; அவற்றுக்கு நாடெங்கும் ஒரே விதியும், பல உரிமங்களுக்கு மாற்றாக ஒரே அனுமதியும் வந்தன. எனினும் திருத்திய சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மருத்துவரின் அச்சமும் குடும்பத்தாரின் தயக்கமும் நீங்கினால்தான் மருந்து படுக்கையருகே வரும்.

ஆதலின், சிவப்புக் குறி மருந்தின்மீது சுமத்தப்பட்ட பழியன்று. கையாள்வோர்க்குரிய பொறுப்பின் அளவுகோல் என்றே நாம் கொள்ளுதல் வேண்டும். தேர்வுக்கால விழிப்பிற்கோ உறக்கத்திற்கோ நண்பன் நீட்டும் மாத்திரையை மாணவர் மறுத்தலும் அப்பொறுப்பே. வலியால் துடிக்கும் முதியவர்க்கு மருத்துவர் எழுதிய மார்பினைப் பழிக்கு அஞ்சி மறுக்காதிருத்தலும் அப்பொறுப்பே. துலாக்கோலின் இரு தட்டுகளையும் ஒருங்கே நோக்கும் கண் நமக்கு வாய்ப்பதாக!