கேளிக்கை நகரின் திரைமறைவில்

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அமெரிக்காவிலுள்ள அவருடைய மகள் அனுப்பியிருந்த டிஸ்னிலாந்துப் படங்களைக் குழந்தைகள் சூழ்ந்து நின்று பார்த்தனர். அவற்றுள் நீராவி ரயிலொன்றைக் கண்ட என் மகன், "அப்பா, நீங்கள் ரயில்வேயில்தானே இருக்கிறீர்கள்? ஏன் ரயில் ஓட்டுவதில்லை?" என்றான். சரக்குப் பிரிவில் கணக்கெழுதும் குமாஸ்தா நான். எல்லோரும் நகைத்தனர், நானும் நகைத்து வைத்தேன். ஆயினும் அக்கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. விடை தேடுவது போல் அக்கேளிக்கை நகரைப் பற்றிப் படிக்கலானேன். பார்க்கச் செல்வோர் கண்ணில் படாத ஓர் உலகம் அங்கே உண்டென்பது அப்போதுதான் புலனாயிற்று.

ரயிலில் முளைத்த கனவு

வால்ட் டிஸ்னி இளமையில் ரயில் வண்டிகளில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றவர். சித்திரப் படங்களால் பெரும்புகழ் எய்திய பின்னரும் அவருக்கு ரயில் மோகம் தணியவில்லை. 1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே, உண்மை இஞ்சினில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நீராவி இஞ்சின் ஒன்றை ஓடவிட்டார். மனைவி லில்லியனின் நினைவாக அதற்கு 'லில்லி பெல்' என்று பெயரிட்டார். அவ்வம்மையாரின் பூச்செடிகள் கெடாதிருக்கும் பொருட்டு, பாத்தியின் அடியில் சுரங்கம் அமைத்துத் தண்டவாளம் போட்டார். பாதை போடும் உரிமைக்காக மனைவியிடமும் பெண்களிடமும் ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் கையெழுத்தும் வாங்கினார்! பாதைக்கு நிலம் பெறுவதிலுள்ள தொல்லையை அறிந்த ரயில்வே அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகை புரிவர்.

மண்மேட்டின் மர்மம்

கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களாயிருந்த 160 ஏக்கர் நிலத்தில், ஏறக்குறைய ஓராண்டில் டிஸ்னிலாந்து எழுந்தது. அதைச் சுற்றி உயரமான மண்மேடு ஒன்று உண்டு. ரயில் அம்மேட்டின் வழியே பூங்காவை வலம் வருகிறது. வெளியுலகக் கட்டடங்களும் கம்பிகளும் உள்ளே இருப்போர் கண்ணில் படலாகாது என்பதே அம்மேட்டின் நோக்கம்.

அங்குள்ள கோட்டையின் உயரம் 77 அடியே. மேலே போகப் போகக் கற்களின் அளவைச் சிறிதாக்கியிருப்பதால், அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வானளாவி நிற்பதாகத் தோன்றுகிறது.

ரயில் நிலையங்களுள் ஒன்றில் தந்தி ஒலி இடைவிடாது கேட்கும். வெறும் ஒலி என்றே பலரும் கடந்து செல்வர். உண்மையில் அது, திறப்பு விழாவில் டிஸ்னி ஆற்றிய உரையின் தொடக்கம். நம் ரயில்வேயின் பழைய தந்திக் குமாஸ்தாக்களுக்கும் அது எளிதில் விளங்காது. அமெரிக்க ரயில் தந்திக்கே உரிய தனிக் குறியீடு அது.

திறப்பு நாளின் அல்லல்

1955 ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. போலி அழைப்புச் சீட்டுகளுடன் பலர் புகுந்ததால், எதிர்பார்த்ததைவிட மிகுதியான கூட்டம் கூடிவிட்டது. கடும் வெயிலில் புதிதாய்ப் போட்ட தார் இளகிப் பெண்மணிகளின் காலணிகள் புதைந்தன. குடிநீருக்கும் தட்டுப்பாடு. காரணம் யாதெனில், அதற்கு முன்னர்க் குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். குடிநீர்க் குழாய்கள், கழிப்பிடங்கள் இரண்டையும் முடிக்கக் காலம் போதவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில் டிஸ்னி கழிப்பிடங்களையே தேர்ந்தார். கோட்டையும் இஞ்சினும் ஆயத்தமாய் இருந்தும் என்ன பயன்? குழாய் பொருத்துபவர் கை ஓய்ந்தபோது கனவுலகமே தாகத்தால் தவித்தது.

தெருவின் அடியில் ஒரு தெரு

கௌபாய் வேடம் பூண்ட ஊழியர் ஒருவர், வருங்கால உலகைக் காட்டும் பகுதி வழியே நடந்து போனதை டிஸ்னி ஒருமுறை கண்டு வருந்தினார் என்பர். 1966-ல் அவர் காலமானார். 1971-ல் புளோரிடா மாநிலத்தில் திறக்கப்பட்ட 'மேஜிக் கிங்டம்' பூங்காவில் இக்குறைக்குத் தீர்வு கண்டனர். ஊழியர் நடமாட்டத்துக்கெனத் தனிச் சுரங்க வழிகள் அமைத்தனர். அங்கே சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஆகவே தரைமட்டத்திலேயே அவ்வழிகளைக் கட்டி, அருகில் ஏரி வெட்டிய மண்ணை மேலே கொட்டி மூடினர். ஆதலால் பார்வையாளர் உலாவும் தெருக்கள் உண்மையில் மேல்மாடியே! கீழே வேடதாரிகள் உடை மாற்றிச் செல்கின்றனர், சரக்குகள் போகின்றன, குப்பையோ குழாய்களினூடே காற்றின் விசையால் இழுத்துச் செல்லப்படுகிறது.

இரவு வாயில்கள் அடைத்த பின் இன்னொரு கூட்டம் பணிக்கு வருகிறது. தெருக்களைக் கழுவுவோர், வண்ணம் பூசுவோர், செடிகளைப் பேணுவோர், தண்டவாளங்களைச் சோதிப்போர் எனப் பலர். டிஸ்னிலாந்தில் எலி பிடிக்கப் பூனைகளும் உண்டு! காலையில் குழந்தைகள் வரும்போது இவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பியிருப்பர்.

இவற்றையெல்லாம் படித்த பின் ஒருநாள் மகனை அருகில் அமர்த்திச் சொன்னேன்: "ரயிலை ஓட்டுபவர் ஒருவர்தான். ஆனால் தண்டவாளத்தைச் சோதிக்கும் கேங்மேன், சிக்னல் பார்ப்பவர், எந்த வாகன் எங்கே போக வேண்டும் என எழுதும் நான், இத்தனை பேரும் இல்லாமல் அது நகராது." அவன் சிறிது யோசித்து, "அப்படியானால் நீங்களும் சுரங்கத்துக்குள் இருப்பவர்தான், இல்லையா அப்பா?" என்றான்.

அன்பர்களே, பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்த நம்மிற் பலர் ஆலையிலும் அலுவலகத்திலும் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத பணிகளையே செய்து வருகிறோம். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் தந்தை என்ன செய்கிறார் என்பதை நம் பிள்ளைகள் அறியார். ஓய்வு நாளில் ஒரு நாழிகை அவர்களை அமர்த்தி அதைச் சொல்லுங்கள். டிஸ்னிலாந்தை விரும்பும் உள்ளம் இதையும் விரும்பிக் கேட்கும் என்பது என் அனுபவம்.