பலாலியிலிருந்து சென்னைக்கு ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல்?

அளவெட்டிக்குப் பக்கத்திலுள்ள பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கு வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இதை அளக்க அடிமட்டம்கூட வேண்டாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில், 80 பாகை கிழக்கில் இருக்கின்றன. அகலாங்கு வித்தியாசம் 3.2 பாகை, பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றர். பெருக்கினால் விடை.

இந்த வழியில் சேவையிலுள்ள ஏ.டி.ஆர். ரக விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அப்படியானால் 43 நிமிடம் போதுமே! ஆனால் அட்டவணை ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டும். அந்த வேகம் நடுவானுக்கு மட்டும் உரியது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, நெரிசலான சென்னையில் இறங்க முறை பார்த்துக் காத்திருப்பது, காற்றுத் திசைக்கேற்பச் சுற்றி வருவது எல்லாம் கணக்கில் சேரும். தூரம் குறையக் குறைய இந்த உதிரி நேரத்தின் பங்கு கூடும்.

நீண்ட பயணத்தில் காற்றுதான் எசமான். கொழும்பு–லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் எதிர்ப்பதால் லண்டன் போக 11 மணி நேரமளவு எடுக்கும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடுவதால் நேரம் குறையும். லண்டனிலிருந்து வருபவரின் பயண நேரத்தை மணிக்கூட்டை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். இரு நாட்டு நேர வித்தியாசமான ஐந்தரை மணி நேரத்தை, கோடையில் நாலரையை, முதலில் கழித்துவிடுங்கள்.