காட்டு வழியில் தனியே சைக்கிளில் போகிறீர்களா?

ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரத்தைக் கடந்து பரந்தன் பக்கம் போனால் கரடிப்போக்குச் சந்தி வரும். இன்னும் வடக்கே போனால் ஆனையிறவு. பஸ் கொண்டக்டர் கூவும்போது இந்தப் பெயர்களை எத்தனையோ தடவை கேட்டிருப்போம். கரடி போகும் வழி, யானை இறங்கும் துறை என்று பொருள் பிரித்துப் பார்த்திருக்கிறோமா? நமது முன்னோர் ஊருக்குப் பெயர் வைக்கும்போதே எச்சரிக்கைப் பலகையையும் சேர்த்து நட்டு வைத்துவிட்டார்கள்!

வாசக சகோதரர்களே, சகோதரிகளே! வன்னியில் சைக்கிள் இல்லாத வீடு உண்டா? பாடசாலைக்குப் போகும் பிள்ளை, வயலுக்குப் போகும் தகப்பன், புடைவை மூட்டையைக் கெரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரி, சுபஹ் தொழுகைக்கு இருட்டோடு புறப்படும் பெரியவர் என்று எல்லோருக்கும் அதுதான் வாகனம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிகுளம் பக்கத்துப் பாதைகளில் இரு புறமும் காடு நிற்கிறது. அந்த வழியில் தனியாகப் போகிறவர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களைப் பயமுறுத்துவது நோக்கமல்ல. பயந்து வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும்.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. இலங்கையில் குடியேற்ற ஆட்சியின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில், 1850ஆம் ஆண்டின் வறட்சியில் கரைச்சிப் பகுதி பட்ட பாட்டைக் குறிப்பிடுகிறார். தண்ணீர் தேடி வந்த கரடிகள் இரவில் கிணறுகளுக்குள் சறுக்கி விழுந்து, ஏற முடியாமல் கிடந்தனவாம். பெண்கள் கிணற்றடிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கரைச்சி, இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நமது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2009க்குப் பின் திரும்பிப் போனவர்கள் அங்கே கண்டது என்ன? முற்றமும் தோட்டமும் இருந்த இடத்தில் மரம் வளர்ந்து காடாகியிருந்தது. போரில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். ஆளில்லாத காணியில் விலங்கு குடியிருந்ததற்கு அதைக் குறை சொல்லி என்ன பயன்? நம் பாதையும் அதன் பாதையும் இப்போது ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன.

இனி சைக்கிளின் கதைக்கு வருவோம். நடந்து போகிறவன் சருகை மிதிப்பான், இருமுவான், செருப்பு இழுபடும். மோட்டார் சைக்கிள் கால் மைலுக்கு முன்பே தன் வரவை அறிவித்துவிடும். சைக்கிள் அப்படியா? ஓசையில்லாமல், நடப்பவனைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் வளைவு திரும்பும். அதன் பெருமை எதுவோ அதுவே காட்டில் அதன் ஆபத்து. விலங்குக்கு நம்மைக் கண்டு விலகிப் போக அவகாசம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2016 ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். வனத்துறையிலேயே சட்ட அமலாக்க அதிகாரியாக இருந்த ஒருவர், காட்டுப்பாதை வளைவில் வேகமாகச் சைக்கிளில் திரும்பினார். எதிரே நின்ற பெரிய கரடி ஒன்றின் மீது நேராக மோதிவிட்டார். கரடி அவரைக் கொன்றது. ஆராய்ந்த குழு சொன்ன முடிவு, கரடியைக் கண்டதற்கும் மோதியதற்கும் இடையில் அவருக்கு ஓரிரு விநாடிதான் இருந்திருக்கும் என்பது. அவர் காட்டை அறியாதவரா? காட்டிலேயே வேலை செய்தவர்!

நமது கரடிக்கு இது இன்னும் பொருந்தும். பார்வை மங்கல், காதும் அவ்வளவு கூர்மையில்லை. மூக்கு ஒன்றுதான் கூர்மை. கறையான் புற்றைக் கிண்டி, வாயைக் குழாய் போலக் குவித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அது போடும் சத்தத்தில் வேறெதுவும் அதற்குக் கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஒரு மனிதன் தோன்றினால் ஓடுவதா பாய்வதா என்று அது யோசிப்பதில்லை, பாய்ந்துவிடும். குட்டியை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கரடி என்றால் கேட்கவே வேண்டாம். காயம் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும்தான். கண்ணையோ மூக்கையோ இழந்து உயிர் தப்பியவர்களைக் காட்டோர ஊர்களில் காணலாம்.

ஆகவே, முதல் பாதுகாப்பு சத்தம். பெல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பெல்லைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் சைக்கிள்கள்தான் நம்மிடம் அதிகம். வளைவு, பற்றை அடர்ந்த இடம், மதகு, காட்டாறு குறுக்கிடும் இடம் ஆகியவற்றுக்கு முன்னே பெல்லை அடித்து, வேகத்தையும் குறையுங்கள். பெல்லை விட மனிதக் குரல் மேல் என்கிறார்கள் கரடியை ஆராய்ந்தவர்கள். சின்ன மணியோசை தூரம் போகாது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் காட்டுக்குள் ஓயாமல் உரக்கப் பேசிக்கொண்டு போவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தனியாகப் போகிறவருக்குப் பேச்சுத் துணை ஏது என்று கேட்கலாம். பாடுங்கள், ஓதுங்கள், பெருக்கல் வாய்ப்பாடு சொல்லுங்கள்; யாரும் சிரிக்கப் போவதில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: கறையான் உறிஞ்சும் சத்தம் நூறு யாருக்கு அப்பாலும் கேட்கும். அந்த ஓர் எச்சரிக்கையையும் நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது காலம். பாலைப்பழம் பழுக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நாமும் பழத்துக்குப் போகிறோம், கரடியும் போகிறது. மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடந்தால் முதலில் மேலே பாருங்கள், கரடி மரமேறும். அதனிடமிருந்து தப்ப மரத்தில் ஏறுவது வீண் என்பதும் இதிலேயே விளங்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறு குளங்கள் வற்றியபின் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி எல்லா விலங்குகளும் கூடும். நாளில் என்று பார்த்தால், விடியற்காலையும் பொழுது படும் நேரமும்தான் கவனத்துக்குரியவை. அதாவது சுபஹும் மஃரிபும்! பள்ளிக்குப் போகிறவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து போகலாம். பயணம் போகிறவர்கள் மஃரிபுக்கு முன் அடுத்த ஊரை அடையும்படி கணக்கிட்டுப் புறப்படலாம்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். டைனமோ லைட் சில்லு சுற்றும்வரைதான் எரியும். முன்னால் ஏதோ நிற்கிறது என்று பிரேக் பிடித்த அந்தக் கணமே அது அணைந்துவிடும். எப்போது வெளிச்சம் மிக அவசியமோ அப்போது இருட்டு! கையில் தனியாக ஒரு ரோர்ச் லைட் இருக்கட்டும்.

சிறுத்தையின் குணம் வேறு. இலங்கைக் காட்டில் அதற்கு மேலான வேட்டை மிருகம் இல்லை. ஆனாலும் மனிதனை இரையாக நினைப்பது மிக அபூர்வம். மனிதர்களைத் தின்றதாகப் பெயர் பெற்ற ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்துப் புனானைச் சிறுத்தை. பலரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அது 1924இல் சுடப்பட்டது. பாடம் செய்யப்பட்ட அதன் உடலைக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைத்தார்கள். அத்தகைய இன்னொன்றின் பெயர் நம் நினைவுக்கு எளிதில் வராததே அதன் அபூர்வத்துக்குச் சான்று.

கிளிநொச்சி அம்பாள்குளத்தில் 2018 ஜூன் மாதம் நடந்தது வேறு வகை. ஊருக்குள் வந்துவிட்ட சிறுத்தை, பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. சனங்கள் அதைச் சுற்றி வளைத்துப் பொல்லால் அடித்தே கொன்றார்கள். அதைப் படம் பிடித்தார்கள். படம் உலகமெங்கும் பரவியது. பிறகு கைதும் வழக்கும். 1937ஆம் ஆண்டு முதல் உள்ள வனஜீவராசிகள் சட்டம் சிறுத்தையைப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள். தப்பி ஓட வழியில்லாத சிறுத்தைதான் மிகவும் ஆபத்தானது. அதற்கு ஒரு வழி திறந்து விடுவது நமக்கும் நல்லது.

வீதியில் சிறுத்தையைக் கண்டால்? சைக்கிளைத் திருப்பி மிதித்து ஓடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஓடுகிற எதையும் துரத்துவது பூனைச் சாதியின் பிறவிக் குணம். இறங்கி, சைக்கிளை இருவருக்கும் நடுவே வேலி போலப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே நின்று, உரத்துக் கத்துங்கள். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். வங்கத்துச் சுந்தரவனக் காட்டில் 1986 முதல் விறகு வெட்டிகளும் தேன் எடுப்பவர்களும் தலைக்குப் பின்னால் மனித முகமூடி கட்டிக்கொண்டு போனது இதே காரணத்தால்தான். பின்னாலிருந்து பாயும் புலியை, பார்க்கிற முகம் தயங்க வைக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். இரண்டிலும் எதிரி கூகர் எனப்படும் மலைச்சிங்கம். 2018 மே மாதம் இரு சைக்கிளோட்டிகளைப் பின்தொடர்ந்த ஒரு கூகரை, அவர்கள் இறங்கி நின்று கத்தி, சைக்கிளால் அடித்துத் துரத்தினார்கள். போனது திரும்பி வந்து ஒருவரின் தலையைக் கவ்வியது. மற்றவர் ஓடினார். அது கவ்வியவரை விட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திப் போய்க் கொன்றது. 2024 பெப்ரவரியில் ஐந்து பெண்கள் சைக்கிளில் போனார்கள். ஒருவரின் முகத்தை ஒரு கூகர் கவ்வியது. மற்ற நால்வரும் ஓடவில்லை! கல்லாலும் தடியாலும் அடித்து, தோழியை விடுவித்து, ஒரு சைக்கிளை அதன் மேல் போட்டு அமுக்கி, அதிகாரி வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்கள். கவ்வப்பட்டவர் பிழைத்தார்.

குந்தியிருப்பதும் படுப்பதும் சிறுத்தைக்கு நம்மைச் சிறிய இரையாகக் காட்டும். செயின் கழன்றாலோ ரியூப்பில் காற்றுப் போனாலோ, பற்றை ஓரத்தில் குந்தியிருந்து வேலை பார்க்காமல், வெட்டவெளிவரை உருட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். சிறுபிள்ளைகள் பாடசாலைக்குக் கூட்டமாகப் போகும்போது மிகச் சின்னப் பிள்ளை கடைசியாக இழுபட விடாதீர்கள். அதை நடுவில் விடுங்கள். நாயைக் கூட்டிப் போவதும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, நாய் ஓடி வந்து ஒளிவது உங்கள் காலடியில்தான்.

கரடியிடம் மட்டும் பாடம் மாறுகிறது. தூரத்தில் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் சைக்கிளை முன்னே பிடியுங்கள். இந்தியாவில் காட்டோரக் கிராமத்தவர்களுக்கு மணி பொருத்திய கம்பைக் கரடி ஆய்வாளர்கள் பரிந்துரைத்தது இப்படி முன்னே நீட்டிப் பிடிக்கத்தான். அதையும் மீறி உங்கள் மேல் விழுந்துவிட்டால், குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, முகத்தையும் கழுத்தையும் காப்பாற்றுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்ற வேண்டாம். அது போய்விட்டது என்று உறுதியாகும்வரை அசையாதீர்கள். சிறுத்தையிடம் இதைச் செய்யக் கூடாது. அதனோடு கடைசிவரை நின்று போராட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

குளக்கரை முதலையை மறந்துவிடுகிறோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களில், வியர்த்துக் களைத்து வந்தவர் முகம் கழுவவோ வுழூச் செய்யவோ தண்ணீர் விளிம்பில் குந்துவது வழக்கம். முதலை காத்திருப்பதும் அந்த விளிம்பில்தான். போத்தலிலோ வாளியிலோ சட்டென்று அள்ளிக்கொண்டு, நாலைந்து யார் தள்ளி வந்து வுழூச் செய்யுங்கள். நேற்று அள்ளிய அதே இடத்தில் இன்றும் இறங்க வேண்டாம்.

யானை வேட்டை மிருகம் அல்ல; ஆனால் வன்னியில் அதுவே பெரிய ஆபத்து. நாடு முழுவதும் 2019இல் மட்டும் 121 பேர் யானைகளால் இறந்தார்கள். அதனிடம் பெல்லும் வேண்டாம், வீரமும் வேண்டாம். தூரத்தில் கண்டவுடன் திரும்பிவிடுங்கள்.

எதைக் கண்டு பயந்தாலும் பாதையை விட்டுக் காட்டுக்குள் பாயாதீர்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் மிதிவெடி அகற்றும் சிவப்புப் பலகைகள் வன்னியில் எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. கரடி தந்த காயம் ஆறும். மிதிவெடி எடுத்த கால் வராது.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரி கடித்த சிறு கீறலாக இருந்தாலும் விசர்நாய்த் தடுப்பூசி தேவையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கைமருந்தோடு நிற்கக் கூடாது. இலவச அம்புலன்ஸுக்கு 1990, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992. புறப்படும் முன் எந்த வழியால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இரண்டு இலக்கங்களையும் சைக்கிளின் பின் மட்காட்டில் வெள்ளைப் பெயின்டால் எழுதி வையுங்கள். உங்கள் கைத்தொலைபேசி உயிர் விட்டிருந்தாலும், வழியில் வருகிறவர் பார்த்துத் தன்னுடையதில் அழைப்பார்.