நாளும் நாழிகையும்: விவிலியத் தீர்க்கதரிசனங்களின் காலக் கணக்கு

1833ஆம் ஆண்டில் ஜோசப் வோல்ஃப் என்னும் சமயப் பரப்பாளர் கல்கத்தா நகருக்கு வந்தார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர் அவர். பாரசீகம், புகாரா, ஆப்கானிஸ்தானம் ஆகிய நாடுகளைக் கடந்து இந்தியா புகுந்தவர். 1847ஆம் ஆண்டில் இயேசு பெருமான் மீண்டும் வருவார் என்பது அவர் எடுத்துரைத்த செய்திகளுள் ஒன்று. அவ்வாண்டு வந்தது, வழக்கம்போல் கழிந்தும் சென்றது. இவ்வாறு ஆண்டு குறிப்போர் அதனை எவ்வாறு கணிக்கின்றனர்? அக்கணிப்பு ஏன் பொய்க்கின்றது? இவ்விரு வினாக்களையே இன்று ஆராய்வோம்.

விவிலியத்தில் தானியேல் ஆகமமும், யோவானுக்கு வெளிப்படுத்தின விசேஷமும் சில எண்களைக் கூறுகின்றன. 1260 நாள், 42 மாதம், 2300 இராப்பகல் என்பன அவற்றுட் சில. மாதத்திற்கு 30 நாள் எனக் கொண்டால் 42 மாதமும் 1260 நாளும் ஒன்றேயாம். இவற்றை உள்ளவாறே நாட்களாகக் கொள்வோர் உளர். வேறு சிலரோ ஒரு நாளை ஓராண்டாகக் கொள்வர். எண்ணாகமத்திலும் எசேக்கியேல் ஆகமத்திலும் நாளுக்கு ஓராண்டு என்னும் கணக்கு வருவதை அவர்கள் சான்று காட்டுவர். அவ்வாறு கொள்ளின் 2300 நாள் 2300 ஆண்டாகிவிடும்.

இனி, எண்ணத் தொடங்கும் இடம் எது? வோல்ஃப் கி.மு. 453இலிருந்து எண்ணினார், 1847 கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் உழவர் கி.மு. 457இலிருந்து எண்ணி 1843 என்றார். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் இடையே சுழி ஆண்டு ஒன்று இல்லை என்பது பின்னர் நினைவுக்கு வரவே, அது 1844 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாளைப் பல்லாயிரவர் எதிர்நோக்கி ஏமாற்றமடைந்தனர். இந்தத் திருத்தத்தை வோல்ஃபின் கணக்கிற்கும் பொருத்தினால் 1848 வரும். விதி ஒன்றே, மூல எண்ணும் ஒன்றே; விடைகளோ வெவ்வேறு. கூட்டலிலும் கழித்தலிலும் பிழை காண்பது எளிது. கணக்கிடுமுன் நாம் செய்துகொண்ட தெரிவுகளிற் பிழை காண்பதே அரிது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு மற்றொன்றும் புலனாகின்றது. தமிழில் 'இராப்பகல்' எனப்படும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ளவை 'மாலை', 'காலை' என்னும் இரு சொற்கள். எருசலேம் ஆலயத்தில் மாலையும் காலையும் பலி இடுவது வழக்கம். ஆதலின் 2300 என்பது அப்பலிகளின் தொகை என்றும், நாட்கள் 1150 மட்டுமே என்றும் கூறும் அறிஞர் பலர். கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட அந்தியோகஸ் மன்னன் அவ்வாலயத்தைத் தீட்டுப்படுத்தினான், கி.மு. 164இல் அது மீண்டும் தூய்மை பெற்றது. அவ்விடைக்காலம் ஏறத்தாழ மூன்றாண்டு. 1150 நாளும் அதனையொட்டியதே. இவ்வாறு கொள்வோர்க்கு இது என்றோ நிறைவேறிய செய்தி. 'இராப்பகல்' என்று எழுதிய அளவிலேயே மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்!

'சீக்கிரத்தில்' என்னும் சொல்லும் அத்தகையதே. வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் வசனத்திலேயே அது வருகின்றது. அலுவலகக் கடிதத்தில் 'விரைவில்' என்று நாள்தோறும் எழுதுகின்றோம். அது எத்தனை நாள் என வரையறுப்பார் எவர்? கர்த்தருக்கு ஒரு நாளும் ஆயிரம் ஆண்டும் ஒன்றே எனப் பேதுருவின் இரண்டாம் நிருபம் கூறுவது இவ்வையத்தை எண்ணியேயாகும்.

இவை வெறும் நூலாராய்ச்சி அல்ல என்பதற்கு நம் தென்னாட்டிலேயே சான்றுண்டு. தமிழ் அந்தணர் குடும்பத்திற் பிறந்த இராமய்யன் என்பார் 1861இல் மாவேலிக்கரையில் திருமுழுக்குப் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனார். வித்துவான் குட்டி என மக்கள் அவரைப் போற்றினர். திருவிதாங்கூரில் 1873 முதல் பரவிய எழுப்புதலில் அவருடைய சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. அவர் 1881ஆம் ஆண்டைக் குறித்தார். நம்பிய குடும்பங்கள் தம் சபையை விட்டு அவர் பின் சென்றன. உறவினர் இரு பிரிவாயினர். ஆண்டு கழிந்தது. சிலர் பழைய சபைக்கே திரும்பினர். எஞ்சியோர் யூயோமயம் என்னும் தனி நெறியினராயினர். திரும்பியோர்க்கு நாணம், நின்றோர்க்குத் தனிமை. ஒரு தவறான ஆண்டிற்கு எளிய மக்கள் கொடுத்த விலை இது.

இவர்களை எள்ளி நகையாடுதல் தகாது. துன்பத்திற்கு ஒரு முடிவு உண்டென்று கேட்டவர், அது எப்போது என்று வினவுவது இயல்பே. ஆயின் அந்நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என இயேசுவே உரைத்ததாக மத்தேயுவும் மாற்குவும் கூறுகின்றனர். விழித்திருங்கள் என்பதே அதனைத் தொடரும் அறிவுரை. நாள் தெரிந்தவன் அந்நாளுக்கு முந்திய இரவு விழித்திருந்தாற் போதும். தெரியாதவனோ எந்நாளும் செம்மையாக வாழ வேண்டும். நாளை மறைத்ததன் கருத்தும் அதுவே போலும்.

வித்துவான் குட்டி குறித்த ஆண்டு பொய்த்தது. அவர் இயற்றிய கீர்த்தனங்களோ கேரளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.