பயிர்ச்சுழற்சியும் செயற்கைக்கோளும்: ‘தாளடி’ என்னும் சொல் காட்டும் வழி

மொழியியல் பயின்ற ஒருவன் செயற்கைக்கோளைப் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமா என ஆசிரியர்களும் மாணவர்களும் ஐயுறலாம். ஒரு வயலில் எந்தப் பயிரைத் தொடர்ந்து எந்தப் பயிர் வருகிறது என்பதே பயிர்ச்சுழற்சி. அதனை வானிலிருந்து அறிந்து வரைபடமாக்கும் தொலையுணர்வு முறைக்கும், இடம் நோக்கிச் சொற்பொருள் காணும் நம் முறைக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. காவிரிப் படுகையைக் கொண்டு இதனை விளக்குவேன்.

மேட்டூர் அணை திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. அந்நீரைக் கொண்டு நடப்படும் குறுகிய காலப் பயிர் குறுவை. அது ஏறத்தாழ 110 நாளில் முதிரும். குறுவை அறுத்த வயலில் புரட்டாசி, ஐப்பசித் திங்களில் நடப்படுவது தாளடி. குறுவை இடாத வயலில் ஆவணி வாக்கில் தொடங்கித் தைத் திங்களில் அறுக்கப்படும் நீண்ட காலப் பயிர் சம்பா. நெல் அறுவடைக்குச் சில நாள் முன்னரே, ஈரம் காயுமுன், நிற்கும் பயிரினூடே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பர். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் கொள்ளும் வடிவிற்கு மாற்றுவதால் மண் வளம் பெறுகிறது.

இனி, செயற்கைக்கோள் இவற்றை எவ்வாறு காண்கிறது? பசுமையான இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பொளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பசுமைக் குறியீட்டெண் கணக்கிடப்படுகிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஓரிடத்தைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட நிலத்தைக் குறிக்கும். நம் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டரை சென்ட்.

ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முகில் இப்படங்களை மறைத்துவிடும். அப்போது உதவுவது முகிலை ஊடுருவும் ரேடார் அலையைச் செலுத்தும் சென்டினல்-1. நீர் தேங்கிய வயல் கண்ணாடிபோல் அவ்வலையை அப்பால் எதிரொளிப்பதால் படத்தில் கருமையாகத் தோன்றும். பயிர் வளர வளரத் திரும்பி வரும் அலை மிகுந்து, அவ்விடம் வெளுக்கும்.

டிசம்பர் மாதத்தில் எடுத்த ஒரே படத்தைப் பார்த்தால் சம்பாவும் தாளடியும் ஒன்றாகவே தோன்றும். இரண்டும் பசுமையான நெல். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை வரிசைப்படுத்தினால் வேறுபாடு விளங்கும். குறுவையும் தாளடியும் கண்ட வயலின் வரைகோட்டில் இரு பள்ளங்களும் இரு மேடுகளும் இருக்கும். சம்பா வயலில் ஒரு பள்ளமும் நீண்ட ஒரு மேடும் இருக்கும். தேங்கிய நீரின் பள்ளமில்லாமல் மாசி, பங்குனியில் எழும் சிறு மேடு பயறு வகையைக் காட்டும். ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ககரம் ஒரே எழுத்தாயினும், அதன் ஒலியை முன்னும் பின்னும் நிற்பவையே முடிவு செய்கின்றன அல்லவா? வயலின் பசுமையும் அத்தகையதே.

‘தாளடி’ என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தாள் என்பது அறுத்தபின் நிற்கும் தண்டு. அதன் அடியிலே எழும் பயிர் தாளடி. முன்னொரு பயிர் நின்றது என்னும் செய்தி பெயரிலேயே அடங்கியுள்ளது. அணையில் நீரின்றிக் குறுவை தவறிய ஆண்டில் அவ்வயலில் தாளடிக்கும் இடமில்லை. பல படங்களைக் கொண்டு கணினி தேடும் வரலாற்றை உழவர் ஒரு சொல்லில் வைத்திருக்கின்றனர்.

கணினிக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்கக் களச்சான்று வேண்டும். வயலுக்குச் செல்பவர் படிவத்தில் ‘நெல்’ என்று மட்டும் எழுதினால் இருபோக வயலும் ஒருபோக வயலும் ஒன்றாகிவிடும். நீர்த்தேவையையும் பயிர் இழப்பையும் அவ்வரைபடத்தைக் கொண்டு கணக்கிடுவோர் பிழைபடுவர். அதன் சுமை உழவர்மேல் விழும். ‘தாளடி’ என்று எழுதினால் முந்திய பயிரும் உடன் பதிவாகிறது.

நம் அருகிலும் சான்று உண்டு. கெடாவின் மூடா சமவெளியில் நெல்லின் இரு போகங்கள் முசிம் உத்தாமா, லுவார் முசிம் எனப்படும். முதன்மைப் பருவம், பருவத்திற்குப் புறம்பானது என்பன அவற்றின் பொருள். மழையை நம்பி ஒரு போகமே விளைந்த காலத்தின் நினைவு இரண்டாவது பெயரில் இன்றும் நிற்கிறது. அச்சமவெளியின் ஓராண்டுப் படங்களை மாணவர் முன் வைக்கும் ஆசிரியர், இவ்விரு பெயர்களையும் உடன் வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.