இயற்பியல் தெரிந்தால் இயற்பியல் ஆசிரியர் ஆகிவிடலாமா?

பள்ளி இயற்பியலில் 'வேலை' என்பதற்கு ஒரு விளக்கம் வரும். ஒரு பொருள்மீது செலுத்தும் விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது வேலை. இதன்படி பார்த்தால், பால் நிறைந்த காண்டா வாளியைத் தோளில் சுமந்துகொண்டு சமதரையில் சீரான வேகத்தில் அரைக் கிலோமீட்டர் நடப்பவர் அந்த வாளியின்மீது செய்த வேலை சுழியம். தோள் கொடுக்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. வாளி நகர்வதோ பக்கவாட்டில்.

லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வரும் வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு கை உயரும். "அப்படின்னா எங்க பாட்டி வேலையே செய்யலயா டீச்சர்?"

இயற்பியல் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் பலகையில் சூத்திரத்தை இன்னொரு முறை எழுதுவார். பிள்ளை அடங்கிவிடும், ஆனால் நம்பாது. பயிற்சி பெற்ற ஆசிரியர், அந்தக் கேள்வியில் பிழை இல்லை என்பதைக் கண்டுகொள்வார். தோளும் காலும் அசையாமல் நின்றாலும், சுமை தாங்கும் தசைநார்கள் இடைவிடாமல் சுருங்கித் தளர்கின்றன. சாப்பாட்டிலிருந்து கிடைத்த வேதியாற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிறது. வியர்வையும் களைப்பும் அதனால்தான். பாட்டியின் உடல் ஆற்றலைச் செலவழித்தது உண்மை. அந்த ஆற்றல் வாளிக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. அதே பாட்டி 20 கிலோ வாளியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கி வைத்திருந்தால், ஏறக்குறைய 200 ஜூல் வேலை செய்திருப்பார். இதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதினால், பிள்ளை அதைத் தன் பாட்டிக்கு எதிரான சாட்சியாகப் பார்க்காது.

இந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கும் அறிவு தனி வகை. அது இயற்பியல் பட்டப்படிப்பில் கிடைப்பதில்லை. பொதுவான கல்வியியல் பாடத்திலும் முழுதாகக் கிடைப்பதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'பாடம்சார் கற்பித்தல் அறிவு' எனலாம். எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார், ஏன் தடுமாறுவார், எந்த எடுத்துக்காட்டு அவரைத் தூக்கிவிடும் என்ற அறிவு அது. இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் பயிற்சியின் சாரமே இதுதான் என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் போகும் வழியைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு குழப்பம் உண்டு. நெகிரி செம்பிலானில் ஆசிரியர் பயிற்சி என்றதும் சிரம்பானில் இருக்கும் ராஜா மெலேவார் வளாகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாடு முழுவதும் உள்ள 27 ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் அது ஒன்று. ஆனால் அக்கழகங்கள் வழங்கும் கல்வி இளங்கலைப் பட்டம் முதன்மையாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கானது. இயற்பியலோ வேதியியலோ கற்பிக்க விரும்புபவர் பல்கலைக்கழகப் பக்கம் திரும்ப வேண்டும். எஸ்.பி.எம். முடித்து, மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். வழியாகப் போய், பாடத்தையும் கல்வியியலையும் சேர்த்துப் படிக்கும் கல்விப் பட்டம் ஒரு வழி. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர்பெற்றது. 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அது 1997இல் பல்கலைக்கழகமானது. முதலில் அறிவியல் பட்டம் பெற்று, பிறகு பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா படிப்பது இன்னொரு வழி. நான் வந்தது இப்படித்தான். ஆனால் டிப்ளோமாவுக்கான சேர்க்கை எல்லா ஆண்டும் எல்லாப் பாடங்களுக்கும் திறப்பதில்லை. இப்போது பள்ளியில் இருப்பவர்களுக்கு முதல் வழியே பாதுகாப்பானது.

சரி, அங்கே என்ன பழகுகிறோம்? ரப்பர் பாலையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் படிவ வேதியியலில் பல்லுறுப்பிகள் பற்றிய பாடத்தில் அது வருகிறது. மங்கில் இறங்கிய பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மற்றது பெரும்பாலும் நீர். ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் எதிர்மின்னூட்டம் கொண்ட புரதப் படலம் சுற்றியிருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, பால் பாலாகவே நிற்கிறது. ஃபார்மிக் அமிலம் ஊற்றினால், அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. துகள்கள் மோதுகின்றன, படலம் கிழிகிறது, உள்ளேயிருந்த நீண்ட ரப்பர்ச் சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. பால் உறைகிறது. அமிலமே ஊற்றாமல் விட்டாலும் பொழுது ஏற ஏறப் பால் கட்டிப்போவதைப் பால்மரம் வெட்டியவர்கள் அறிவார்கள். காற்றிலிருந்து வந்த பாக்டீரியாக்கள் அதற்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. அமோனியா சேர்த்தால் அந்த அமிலம் செயலிழக்கும். பால் கெடாமல் இருக்கும்.

கிளாஸ்கோவின் வேதியியல் கல்வியாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் ஏன் கடினமாகத் தோன்றுகிறது என்று ஆராய்ந்தவர். வேதியியலுக்கு மூன்று தளங்கள் உண்டு என்றார் அவர்: கண்ணால் காண்பது, துகள் அளவில் நடப்பது, குறியீட்டால் எழுதுவது. பாடம் தெரிந்த ஆசிரியர் மூன்றுக்கும் இடையே தாவிக்கொண்டே பேசுவார். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அது மூச்சுமுட்டும். பால் உறைவதைக் காட்டுவது முதலாவது. படலமும் மின்னூட்டமும் இரண்டாவது. ஐசோப்ரீன் அலகுகளின் சமன்பாடு மூன்றாவது. பயிற்சியில் நாங்கள் எழுதும் நாள் பாடத்திட்டத்தில் விரிவுரைஞர் தேடிப் பார்ப்பது, எந்த நிமிடத்தில் எந்தத் தளத்துக்கு மாறுகிறோம், அதற்கு முன் பிள்ளையைத் தயார்ப்படுத்தினோமா என்பதைத்தான். சக பயிற்சியாளர்களையே மாணவர்களாக உட்கார வைத்து, ஒரே ஒரு திறனை மட்டும் சில நிமிடங்கள் கற்பித்துப் பார்க்கும் நுண்ணிலைக் கற்பித்தலும் இதற்காகவே. கேட்பதற்கு விளையாட்டுபோல் இருக்கும். நின்று பார்த்தால்தான் தெரியும்.

தோட்டத்தில் பிறந்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. அதை அளவோடு நம்புவது நல்லது. நம் மாநிலத்தில் பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இன்றைய ஐந்தாம் படிவ மாணவர் பாட்டியின் கதையில்தான் மங்கைப் பார்த்திருப்பார்.

ஆகவே செம்பனைக்கு வருவோம். 20 கிலோ குலையும் 10 கிராம் உதிரிப் பழமும் 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும்? ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் இருவரின் நூல் பரவலாக்கிய முறை இது: முதலில் கணிக்கச் சொல், பிறகு காணச் சொல், கடைசியில் விளக்கச் சொல். கணிப்பை எழுதி வாங்குவது முக்கியம். இல்லாவிட்டால் முடிவைப் பார்த்ததும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள்! பலர் குலைதான் முதலில் விழும் என்று எழுதுவார்கள். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரு விநாடியில், மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். "அப்புறம் ஏன் குலைக்குப் பயந்து தலைக்கவசம் போடுறாங்க?" என்ற அடுத்த கேள்வியும் வரும், வர வேண்டும். வேகம் ஒன்றுதான். குலை கொண்டுவரும் ஆற்றல் 980 ஜூல், பழத்தினுடையது அரை ஜூல்கூட இல்லை. கணிப்பில் தவறிய பிள்ளையின் எண்ணத்திலும் ஓர் உண்மை இருந்திருக்கிறது; அது வேறு கேள்விக்கான விடை.

மொழியையும் சொல்லியாக வேண்டும். என் வயதினர் பலர் தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று படித்தோம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதால் இடைநிலைப்பள்ளியில் அது 'ஃபோர்ஸ்' ஆனது. இப்போது 'டாயா' என்று கற்பிக்கிறோம். இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் மறுபடி 'ஃபோர்ஸ்'. தமிழ்ப்பள்ளியிலிருந்து முதலாம் படிவம் வரும் பிள்ளைக்குக் கருத்து தெரியும், சொல் தெரியாது. இரண்டையும் பிரித்தறியாத ஆசிரியர், அறிவியல் வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுவார். மின்கட்டண ரசீதில் 'தெனாகா' என்ற சொல்லை வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆற்றலுக்கு மலாய்ச் சொல் அதுவே என்று ஒருவர் சொன்னால் போதும்.

ஆய்வகப் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல என்பது மாணவருக்குப் பாடம். ஆசிரியருக்கோ, முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அதை நினைவில் வைத்திருப்பதை உறுதிசெய்வது பாடம். எஸ்.பி.எம். இயற்பியல், வேதியியல் மூன்றாம் தாள் இப்போது ஆய்வகத்தில் நடக்கும் செய்முறைத் தேர்வு. படம் காட்டியே பரிசோதனைகளை ஓட்டிவிட்டால் தேர்வன்று மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

இதையெல்லாம் பழக விரும்பும் பிள்ளைக்கு முதல் கதவு மூன்றாம் படிவ முடிவிலேயே இருக்கிறது. பழைய அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற முறை 2020 முதல் இல்லை. பாடத் தொகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் அடங்கிய தொகுப்பை எடுக்காவிட்டால் இயற்பியல் ஆசிரியராகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பதினைந்து வயதில், "கஷ்டமான பாடம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தத் தாளில் கையெழுத்திடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகக் கல்விப் பட்டங்களுக்கு மெட்சி எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வும் நேர்முகத் தேர்வும் பிறகு வரும். அவற்றுக்குத் தயாராக நேரம் இருக்கிறது. தொகுப்புத் தேர்வுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பாரம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்குப் போய், அங்கே எந்தெந்தத் தொகுப்புகள் நடத்தப்படுகின்றன, இயற்பியல் அவற்றில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.