மலை இறக்கத்தில் காணாமல் போகும் பிரேக்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இதுபோன்ற சாலையில் இறங்கி வந்த கார்க்காரர்கள் சிலர் ஒரே கதையைச் சொல்வார்கள். பாதி மலை வரை பிரேக் நன்றாகப் பிடித்தது. பிறகு பெடல் மெத்து மெத்தென்று ஆனது. ஒரு வளைவில் தரை வரை உள்ளே போய்விட்டது. எப்படியோ ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடுகிறது. அடிவாரத்தில் மெக்கானிக்கிடம் காட்டினால், "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், அந்த அழுத்தம் குறையாமல் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். பேர்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். மழைக்கால உப்பைப் போல இது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இதே கணக்கு 230, 155.

இனி வெப்பத்தைப் பாருங்கள். ஒரு டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். நான்காவது கியரிலேயே, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் இறங்கினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்கும். அங்கிருந்து சூடு, சக்கரத்தில் பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது, நாம் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை நசுக்கவே செலவாகிவிடும், பேட் அசையாது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மெக்கானிக்கின் கண்ணுக்கு எதுவும் சிக்காதது அதனால்தான்.

எஞ்சின் ஆயிலுக்குத் தேதி எழுதி வைப்பவர்கள்கூட பிரேக் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று யோசிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவும் அல்ல.

பெடல் கெட்டியாகவே இருந்து, கருகல் வாடையோடு வண்டி நிற்க மறுத்தால் கோளாறு வேறு: பேட் சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது. சிக்னலில் மிதித்தபடி நிற்கையில் பெடல் மெல்ல மெல்ல இறங்கி, வெளியே ஒழுகலும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைப்பவர்களுக்குப் பெடல் கல்லாகும். மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். இதை சாமர்த்தியம் என்று சொல்பவர்களோடு நான் மலையேற மாட்டேன்.

எல்லாப் பழியையும் பிரேக் மேல் போடவும் முடியாது. டொயோட்டா 2009-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு ஒரு காரணம், ஆக்சிலரேட்டரைச் சிக்கவைத்த தரைவிரிப்பு. மின்னணுக் கோளாறோ என்று நாசா பொறியாளர்களும் ஆராய்ந்தார்கள். அப்படிக் காட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது. நம் கார்களில் சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலும் அந்தத் தரைவிரிப்பைப் போலப் பெடலைச் சிக்கவைக்கும்.

பெடல் உள்ளே போய்விட்டால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள்; அழுத்தம் கொஞ்சம் திரும்பக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், நியூட்ரலுக்குப் போக வேண்டாம். கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் கேபிளில் இயங்குவதால் ஆயில் கொதித்தாலும் வேலை செய்யும். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். வண்டி நின்றதும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் கோணிப்போகும். தானாக ஆறிய பிறகு இரண்டாவது கியரில் இறங்கி, முதலில் கண்ணில் படும் பட்டறையில் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், மெக்கானிக் வேண்டாம் என்றாலும்.